ருமேனிய மொழியில் நடந்ததைச் சொல்வது எப்படி: இறந்தகாலம் பழகப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புக்கரெஸ்டுக்கு வேலைக்கு வந்தவராக இருக்கட்டும், யாஷிலோ க்லுஜிலோ மருத்துவம் படிக்க வந்தவராக இருக்கட்டும், முதல் வாரத்தில் காதில் விழும் கேள்விகளைக் கவனியுங்கள். எப்போது வந்தாய்? சாப்பிட்டாயா? வேலையை முடித்தாயா? சாவியை எங்கே வைத்தாய்? எல்லாமே நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்விகள். ஆனால் பாடப்புத்தகங்கள் நிகழ்காலத்தையே பல அத்தியாயங்களுக்கு இழுத்துவிட்டு, இறந்தகாலத்தைத் தாமதமாகத்தான் தொடுகின்றன. தொட்டதும் நான்கு விதமான இறந்தகாலங்களை ஒரே மூச்சில் அடுக்கிப் பயமுறுத்தவும் செய்கின்றன.

பயப்பட வேண்டாம். அந்த நான்கில் ஒன்றை நன்றாகப் பழகினால் போதும், அன்றாடப் பேச்சு ஓடிவிடும். இரண்டாவது ஒன்றை மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் சரி. அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் எழுத்து விவகாரம்

இங்கே ருமேனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். அதற்குச் சில ஏற்பாடுகள் தேவை. அவர்களுடைய நெடுங்கணக்கின் முதல் எழுத்தை 'ஆ' என்று எழுதுகிறேன். அதே எழுத்தின் தலையில் கிண்ணம் மாதிரி வளைவு இருந்தால் அது 'அ', அதாவது வாயை அதிகம் திறக்காமல் சொல்லும் அகரம். இந்த வேறுபாடு சின்னதாகத் தெரிந்தாலும் பின்னால் காலத்தையே மாற்றும். 'ஃஸ்' என்று வருவது தொண்டை அதிரச் சொல்லும் ஸகரம். 'ட்ஸ்' என்பது அடியில் வால் வைத்த எழுத்து.

இன்னொரு ஒலிதான் வெளிநாட்டவர் எல்லாரையும் திணறடிப்பது: தலையில் கூரை போட்ட எழுத்து. தமிழருக்கு அது புதிதில்லை. 'பாட்டு', 'காசு' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் ஓர் உகரம் வருகிறதே, நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதுதான். அதை நாம் சொல்லின் கடைசியில் மட்டும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர்கள் முதலிலும் நடுவிலும் சொல்வார்கள். 'முன்காத்' (சாப்பிட்ட) என்பதில் வரும் முதல் உகரம் அந்த வகை. 'உன்' என்று தொடங்கும் சொற்களிலும் பெரும்பாலும் அதுதான். இந்த ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. 1993-இல் ருமேனிய அக்காதெமி செய்த மாற்றத்தின்படி சொல்லின் முதலிலும் கடைசியிலும் ஒன்று, நடுவில் மற்றொன்று. அதற்கு முந்தைய புத்தகம் கையில் கிடைத்தால் எழுத்து வேறாகத் தெரியும், ஒலி அதேதான்.

தமிழ் எழுத்தில் த, ப, க ஆகியவை வன்மையாகவா மென்மையாகவா என்பது தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிடுங்கள். டெக்ஸ்ஆன்லைன் என்ற இலவச இணைய அகராதி இருக்கிறது. ஒரு வினைச்சொல்லைத் தட்டினால் எல்லாக் காலத்துக்கும் உரிய வடிவங்களை அட்டவணையாகக் காட்டிவிடும். அதைக் கைபேசியில் முதல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆறு குட்டிச் சொற்கள்

நாம் பழகப்போகும் இறந்தகாலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பெர்ஃபெக்த் கொம்புஸ்'. இரண்டு துண்டு சேர்ந்தது. முதல் துண்டு யார் செய்தது என்று சொல்லும். இரண்டாம் துண்டு என்ன செய்தது என்று சொல்லும். முதல் துண்டு இதுதான்:

நான்: ஆம்
நீ: ஆய்
அவன், அவள், அது: ஆ
நாங்கள், நாம்: ஆம்
நீங்கள்: ஆட்ஸ்
அவர்கள், அவை: ஆவ்

'வெனித்' என்றால் வந்த. 'ஆம் வெனித்' வந்தேன். 'ஆய் வெனித்' வந்தாய். 'ஆ வெனித்' வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் ஒன்றே. 'ஆட்ஸ் வெனித்' வந்தீர்கள். 'ஆவ் வெனித்' வந்தார்கள். பின்னால் உள்ள 'வெனித்' எங்கேயும் மாறவில்லை, பாருங்கள். ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் அசையாது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இன்னும் நிம்மதி: போனேன், வந்தேன் போன்றவற்றுக்குத் தனித் துணைவினை என்ற தொல்லை இங்கே கிடையாது. எல்லா வினைக்கும் இந்த ஆறுதான்.

'வந்தேன்' என்றாலே நான் என்பது புரிந்துவிடுவதால் தமிழில் 'நான்' சொல்லாமல் விடுகிறோம் அல்லவா? அங்கேயும் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யெவ்' (நான்) என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு நான் நான் என்று அழுத்திச் சொல்வது போல இருக்கும். நீங்கள் தமிழில் யோசித்தாலே பிழைத்தீர்கள். ஒரே ஒரு குழப்பம், நானும் நாங்களும் ஒரே 'ஆம்'. பெரும்பாலும் சூழலே சொல்லிவிடும். சொல்லாதபோது மட்டும் 'நோய்' (நாங்கள்) என்று முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

மரியாதைக்கு ஒரு வார்த்தை. முன்பின் தெரியாதவர், வயதில் மூத்தவர், மருத்துவர், அலுவலர் இவர்களிடம் 'ஆய்' வேண்டாம், 'ஆட்ஸ்' போடுங்கள். ஒருவரே ஆனாலும் பன்மை, நம் 'வந்தீர்களா' மாதிரியே. ஆனால் அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி மரியாதையாகப் பேசும்போது, நாம் 'வந்தார்' என்பதற்கும் அவர்கள் 'ஆ வெனித்' என்றே ஒருமையில் சொல்வார்கள். மரியாதை கருதி 'ஆவ்' போட்டால் பல பேர் வந்ததாக ஆகிவிடும்.

எச்சரிக்கை ஒன்று. இந்த ஆறும் 'என்னிடம் இருக்கிறது' என்ற வினையிலிருந்து வந்தவை. ஆனால் அந்த வினையைத் தனியாகச் சொல்லும்போது மூன்று இடங்களில் வடிவம் நீளும்: அவரிடம் இருக்கிறது 'ஆரெ', எங்களிடம் இருக்கிறது 'ஆவெம்', உங்களிடம் இருக்கிறது 'ஆவெட்ஸ்'. இறந்தகாலத்தில் இவை நுழையக் கூடாது. 'ஆரெ வெனித்' என்று சொன்னால் தப்பு.

படி 2: முடிந்த வடிவம்

இரண்டாம் துண்டில்தான் உழைப்பு. தமிழில் செய் செய்தேன் ஆகிறது, ஓடு ஓடினேன் ஆகிறது, நில் நின்றேன் ஆகிறது. எந்த வினை எந்த வழியில் போகும் என்பதை நாம் சின்ன வயதிலேயே காதால் பிடித்துக்கொண்டோம். ருமேனியத்திலும் அப்படிச் சில வழிகள் உண்டு. எது எந்த வழி என்பதைப் பெரும்பாலும் அகராதி வடிவத்தின் வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். அகராதி வடிவத்தின் முன்னால் ஒரு 'ஆ' நிற்கும்: 'ஆ லுக்ரா' என்றால் வேலை செய்தல். இந்த 'ஆ'வும் மேலே பார்த்த 'ஆ'வும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு. 'ஆ லுக்ரா' வேலை செய்தல், 'ஆ லுக்ராத்' வேலை செய்தான்.

வால் 'ஆ' என்று முடிந்தால் ஒரு 'த்' ஒட்டினால் போதும். லுக்ரா, லுக்ராத். முன்கா, முன்காத். ப்ளெக்கா (கிளம்புதல்), ப்ளெக்காத். கும்ப்பரா (வாங்குதல்), கும்ப்பராத். தா (கொடுத்தல்), தாத். ஸ்தா (நிற்றல், தங்குதல்), ஸ்தாத். புதிதாக மொழிக்குள் வரும் வினைகளில் பலவும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும், ஆகையால் மிகவும் லாபமான வழி இது.

வால் 'இ' என்றாலும் அதே வேலை. தோர்மி (தூங்குதல்), தோர்மித். வோர்பி (பேசுதல்), வோர்பித். வெனி, வெனித். ப்ளத்தி (பணம் கட்டுதல்), ப்ளத்தித். இதில் முக்கியமான ஒரு முரடன் 'ஷ்தி', தெரிந்திருத்தல்; அது 'ஷ்தியுத்' ஆகும். அப்புறம் கூரை போட்ட ஒலியில் முடியும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. பேருந்தில் தினமும் கேட்கும் 'கொபொரு' (இறங்குதல்) அதில் ஒன்று: 'கொபொருத்'.

'எயா' என்று முடியும் வினைகள் கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் தினசரி தேவை. இவை 'உத்' எடுக்கும். பார்த்தல் வஃஸுத், முடிதல் (என்னால் முடிந்தது என்பது) புத்துத், இருத்தல் (என்னிடம் இருந்தது) ஆவுத், விரும்புதல் வ்ருத், குடித்தல் பவுத், விழுதல் கஃஸுத். இவற்றில் அடிச்சொல்லும் சற்று மாறுவதால் யோசித்துக் கட்டாமல் முழுதாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

'எ' என்று முடிபவைதான் வம்பு. அவற்றில் ஒரு பாதை 'உத்': ஃபாச்செ (செய்தல்) ஃபக்குத் ஆகும், உன்ச்செப்பெ (தொடங்குதல்) உன்ச்செப்புத், க்ரெதெ (நம்புதல்) க்ரெஃஸுத், பியெர்தெ (தொலைத்தல்) பியெர்துத். இன்னொரு பாதையில் 'ஸ்' வரும்: மெர்ஜெ (போதல்) மெர்ஸ், ஸ்க்ரியெ (எழுதுதல்) ஸ்க்ரிஸ், ஸ்புனெ (சொல்லுதல்) ஸ்புஸ், புனெ (வைத்தல்) புஸ், ஆஜுன்ஜெ (போய்ச் சேர்தல்) ஆஜுன்ஸ், த்ரிமித்தெ (அனுப்புதல்) த்ரிமிஸ், உன்ட்ஸெலெஜெ (புரிந்துகொள்ளுதல்) உன்ட்ஸெலெஸ். சமையலறையிலும் கைவேலையிலும் வரும் சில வினைகள் இரண்டையும் விட்டுத் 'த்' என்று வெட்டி நிற்கும்: ஃபியெர்பெ (வேகவைத்தல், கொதித்தல்) ஃபியெர்த், க்வாச்செ (சுடுதல்) கோப்த், ஸ்பார்ஜெ (உடைத்தல்) ஸ்பார்த், ருப்பெ (கிழித்தல்) ருப்த்.

இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். புதிய வினை ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது மூன்றாகவே எழுதுங்கள்: அகராதி வடிவம், நான் என்பதற்கான நிகழ்காலம், முடிந்த வடிவம். மெர்ஜெ, மெர்க், மெர்ஸ். இரண்டை மட்டும் எழுதினால் பின்னால் ஒவ்வொன்றுக்கும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

கடைசியாக, எந்த வழியிலும் சேராத தனி ராஜா: இருத்தல் என்ற 'ஆ ஃபி'. அதன் முடிந்த வடிவம் 'ஃபோஸ்த்'. 'ஆம் ஃபோஸ்த் லா பிராஷோவ்' என்றால் பிராஷோவுக்குப் போனேன் என்றும் பொருள், போயிருக்கிறேன் என்றும் பொருள். இந்த இரண்டையும் தமிழ் பிரிக்கும், ருமேனியம் பிரிக்காது. நமக்கு ஒரு வேலை மிச்சம்.

இந்த முடிந்த வடிவங்களைப் படிக்கத் தெருவே போதும். கடைக் கதவில் 'தெஸ்கிஸ்' என்று தொங்கினால் திறந்திருக்கிறது, 'உன்கிஸ்' என்றால் மூடியிருக்கிறது. இரண்டும் திறத்தல், மூடுதல் என்ற வினைகளின் முடிந்த வடிவங்களே. கழிப்பறைக் கதவில் 'ஒகுப்பாத்', ஆள் இருக்கிறது. 'இன்தெர்ஃஸிஸ்' என்ற பலகை, செய்யக் கூடாது என்று தடுத்தது. கடற்கரையில் விற்கும் 'பொரும்ப் ஃபியெர்த்' வேகவைத்த சோளம். கடையில் 'லாப்தெ பத்துத்' என்று ஒரு புட்டி இருக்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அடித்த பால். குடித்தால் கெட்டி மோர், நம் நாக்குக்கு ரொம்ப உறவு. பலகையில் ஒன்றைப் பார்த்ததும் முன்னால் 'ஆம்' போட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'ஆம் உன்கிஸ்' மூடினேன், 'ஆம் தெஸ்கிஸ்' திறந்தேன். ஒரே ஒரு ஜாக்கிரதை: பெயர்ச்சொல்லோடு ஒட்டி வரும்போது இவை ஆண்பால், பெண்பால், பன்மைக்கு ஏற்ப வால் மாற்றும். இறந்தகாலத்தில் மாற்றாது.

படி 3: இல்லை, கேள்வி, நடுவில் நுழையும் சொற்கள்

மறுப்புக்கு முன்னால் 'நு' போடுங்கள். பேச்சில் அது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: நு ஆம், 'நாம்' ஆகிவிடும். 'நாம் முன்காத்' என்று கேட்டால் நாம் எல்லாரும் சாப்பிட்டோம் என்று தோன்றும். சொல்வதோ 'நான் சாப்பிடவில்லை'. அதேபோல நாய், நா, நாட்ஸ், நாவ். 'நாய் வெனித்' என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம், 'நீ வரவில்லையே' என்கிறார்.

கேள்விக்குத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். குரலை உயர்த்தினால் போதும். 'ஆய் தெர்மினாத்?' முடித்தாயா? 'ஆம் தெர்மினாத்.' முடித்தேன். 'நாம் தெர்மினாத் உன்க்க.' இன்னும் முடிக்கவில்லை. வேலையிடத்தில் மேற்பார்வையாளரோடு பிழைக்க இந்த மூன்று வரியே பாதித் தூரம் கொண்டுபோகும்.

இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் நுழைய அனுமதி உள்ள குட்டிச் சொற்கள் மிகச் சிலதான். அவற்றில் 'மாய்' உடனே தேவைப்படும். 'ஆம் மாய் ஃபோஸ்த்' முன்பும் வந்திருக்கிறேன். 'நாம் மாய் ஃபோஸ்த்' இதற்கு முன் வந்ததில்லை. நேற்று, அங்கே, வேகமாக போன்ற மற்ற சொற்களை நடுவில் திணிக்காதீர்கள். முன்னாலோ பின்னாலோ வையுங்கள்.

காலத்தைக் காட்டும் சொற்களில் இரண்டு பொறிகள். 'ஆக்கும்' என்றால் இப்போது. ஆனால் பின்னால் ஓர் அளவு வந்தால் அது முன்பு என்று ஆகிவிடும்: 'ஆக்கும் தோய் ஆன்' இரண்டு வருடத்துக்கு முன்னால். அடுத்தது 'ஆஃஸி ந்வாப்தெ'. துண்டு துண்டாகப் பார்த்தால் இன்று இரவு. உண்மையில் அது நேற்றிரவு, கழிந்துபோன இரவு. வரப்போகும் இரவுக்கு 'லா ந்வாப்தெ'. இரவுப் பணிமுறையில் இருப்பவர்கள் இதைக் குழப்பிக்கொண்டால் வேலைக்கே வராமல் போக நேரிடும். 'யெர்' நேற்று, 'ஆஸியார' நேற்று மாலை; இவை வம்பில்லாதவை.

படி 4: எனக்கு, என்னை, தானாக

தமிழருக்கு இங்கே ஓர் எதிர்பாராத லாபம் காத்திருக்கிறது. தமிழில் 'எனக்குப் பிடித்தது' என்கிறோம். பிடித்த பொருள்தான் எழுவாய், நாம் 'எனக்கு' என்று ஒதுங்கி நிற்கிறோம். ருமேனியமும் அப்படியே: 'மியா ப்ளக்குத்'. 'மி' எனக்கு, அது 'ஆ'வோடு ஒட்டிக்கொண்டது. பிடித்தது பன்மையானால் 'ஆவ்' வரும். வீட்டுக்கு அழைத்து முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் பொதிந்த சார்மாலெ வைத்தார்கள் என்றால் 'மியாவ் ப்ளக்குத் சார்மாலெலெ' என்று சொல்லுங்கள். அடுத்த தட்டு தானாக வரும்.

எனக்குப் பசித்தது 'மியா ஃபோஸ்த் ஃப்வாமெ', எனக்குக் குளிரடித்தது 'மியா ஃபோஸ்த் ஃப்ரிக்', எனக்குச் சொன்னார் 'மியா ஸ்புஸ்', எனக்குக் கொடுத்தார் 'மியா தாத்'. எல்லாம் நம் 'எனக்கு' வழியே. வலிக்கு மட்டும் வழி மாறும். 'எனக்குத் தலை வலித்தது' என்பதில் அவர்கள் 'எனக்கு' போடாமல் 'என்னை' போடுவார்கள்: 'மா துருத் காப்புல்', என்னைத் தலை வலித்தது.

இன்னொரு ஒற்றுமை இதைவிடச் சுவையானது. தம்ளரை உடைத்தேன், தம்ளர் உடைந்தது. வேலையை முடித்தேன், வேலை முடிந்தது. இந்த உடைத்தல் உடைதல் ஜோடியை ருமேனியம் ஒரு 'ஸ' சேர்த்துச் சமாளிக்கிறது. 'ஆம் ஸ்பார்த் பாஹாருல்' தம்ளரை உடைத்தேன். 'ஸா ஸ்பார்த் பாஹாருல்' தம்ளர் உடைந்துவிட்டது. 'ஸா தெர்மினாத்' தீர்ந்துவிட்டது, மாலையில் ரொட்டிக் கடைக்குத் தாமதமாகப் போனால் கேட்கும் பதில். 'ஸா ஸ்த்ரிக்காத்' பழுதாகிவிட்டது. பழி நம் மேல் வராமல் நடந்ததைச் சொல்ல இதைவிட உதவியான வடிவம் கிடையாது.

இதே வடிவம் தனக்குத்தானே செய்துகொள்ளும் செயல்களுக்கும் வரும். நான் என்பதற்கு 'மாம்', நீ என்பதற்கு 'தியாய்', அவர் 'ஸா', நாங்கள் 'னியாம்', நீங்கள் 'வாட்ஸ்', அவர்கள் 'ஸாவ்'. 'மாம் த்ரெஃஸித்' விழித்தேன், 'மாம் ஸ்பளாத்' கைகால் கழுவிக்கொண்டேன், 'மாம் துஸ்' போனேன். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் 'மாம் நஸ்குத் உன் மதுரை'. எந்த வினைக்கு இது வேண்டும் என்று அகராதி சொல்லும். அதில் 'ஆ ஸெ' என்று தொடங்கும் வினைகள் எல்லாம் இந்த வகை.

ஆளைச் சுட்டும் சொல்லில் ஒரு விந்தை. அவனைப் பார்த்தேன் 'லாம் வஃஸுத்', முன்னால் ஒட்டுகிறது. அவளைப் பார்த்தேன் என்றால் 'ஆம் வஃஸுத்-ஓ', பின்னால் போய் ஒட்டுகிறது. பெண்ணுக்கு மட்டும் ஏன் பின்னால் என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இரண்டையும் ஜோடியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிடுங்கள்.

இவ்வளவும் சேர்ந்து எப்படி இயங்குகிறது என்று மருத்துவரின் அறையில் பார்க்கலாம். மருத்துவ மாணவர்கள் இதே வரிகளை மேசையின் மறுபக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் படுத்திருக்கும் பாட்டி ருமேனியத்தில்தான் பேசுவார்.

'குந்த் ஆ உன்ச்செப்புத் துரெரெயா?' வலி எப்போது ஆரம்பித்தது?
'ஆ உன்ச்செப்புத் ஆஸியார.' நேற்று மாலை ஆரம்பித்தது.
'ஆட்ஸ் ஆவுத் ஃபெப்ர?' காய்ச்சல் இருந்ததா?
'நு, நாம் ஆவுத்.' இல்லை, இருக்கவில்லை.
'ச்செ ஆட்ஸ் முன்காத் யெர்?' நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
'ஆட்ஸ் லுவாத் ச்செவா?' மருந்து ஏதாவது எடுத்தீர்களா?
'ஆம் லுவாத் உன் பாராச்செத்தாமோல்.' ஒரு பாராசிட்டமால் போட்டேன்.

மருத்துவர் 'ஆட்ஸ்' என்று கேட்கிறார், நீங்கள் 'ஆம்' என்று திருப்புகிறீர்கள். இந்தத் திருப்பல் யோசிக்காமல் வருகிற வரை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். கேட்ட 'ஆட்ஸ்'ஸையே அப்படியே பதிலிலும் சொல்லிவிடுவது எல்லாப் புதியவர்களுக்கும் நேர்வது.

படி 5: நடந்துகொண்டிருந்தது, வழக்கமாக நடந்தது

மேலே உள்ளது கையில் வந்த பிறகு இரண்டாவது இறந்தகாலம், 'இம்பெர்ஃபெக்த்'. இதற்கு இரண்டு துண்டு கிடையாது, ஒரே சொல். ஆனால் அதன் வாலைப் பாருங்கள்: லுக்ராம், லுக்ராய், லுக்ரா, லுக்ராம், லுக்ராட்ஸ், லுக்ராவ். நாம் முன்னால் போட்ட அதே ஆறு குட்டிச் சொற்கள் இப்போது பின்னால் ஒட்டியிருப்பது போல இருக்கிறது. நினைவில் வைக்க இதுவே போதும்: முன்னால் நின்றால் முடிந்தது, பின்னால் ஒட்டினால் நடந்துகொண்டிருந்தது. 'ஆம் லுக்ராத்' வேலை செய்தேன். 'லுக்ராம்' வேலை செய்துகொண்டிருந்தேன்.

'ஆ' வால் வினைகளில் இப்படி நேராக ஒட்டும். 'எ', 'இ', 'எயா' வால் வினைகளில் ஓர் இகரச் சாயல் கூடும்: ஆவியாம் (என்னிடம் இருந்தது), தோர்மியாம், வெனியாம், புத்தியாம். ஷ்தியாம், அப்போது எனக்குத் தெரியும். இருத்தலுக்கு யெராம், யெராய், யெரா, யெராம், யெராட்ஸ், யெராவ். இந்த இருத்தலை முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன ஆ, அ வேறுபாடு கடிக்கும். 'லுக்ராம்' வேலை செய்துகொண்டிருந்தோம். 'லுக்ரம்' வேலை செய்கிறோம். வாயைத் திறக்கும் அளவில் காலமே மாறுகிறது. 'லுக்ராட்ஸ்' மட்டும் நிகழ்காலத்துக்கும் இதற்கும் ஒன்றே. அங்கே சூழலைத்தான் நம்ப வேண்டும்.

எப்போது எது? புத்தகங்கள் நீட்டி விளக்கும். தமிழில் சொல்லிப் பார்ப்பதே எளிய வழி. 'கொண்டிருந்தேன்' போட முடிந்தால் இம்பெர்ஃபெக்த். 'தோர்மியாம் குந்த் ஆ சுனாத் தெலெஃபோனுல்', தூங்கிக்கொண்டிருந்தேன், அப்போது தொலைபேசி அடித்தது. தூக்கம் நீண்டு கிடக்கிறது. மணி ஒரே அடியாக வந்து விழுகிறது. மழையும் அப்படியே. 'யெர் ஆ ப்ளொவாத்' நேற்று மழை பெய்தது, செய்தி முடிந்தது. 'குந்த் ஆம் யெஷித், ப்ளொவா' நான் வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது.

இரண்டாவது சோதனை தமிழருக்கு மட்டுமே கிடைத்த சலுகை. பழைய வழக்கத்தைச் சொல்லும்போது நாம் எதிர்கால வடிவத்தையே போடுகிறோம்: 'சின்ன வயதில் நடந்தேதான் பள்ளிக்கூடம் போவேன்.' நடந்து முடிந்த கதைக்குள் 'போவேன், வருவேன், சாப்பிடுவோம்' என்று தமிழ் வந்தால் அது ருமேனியத்தில் கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபெக்த்: 'குந்த் யெராம் மிக், மெர்ஜாம் லா ஷ்க்வால பே ஜோஸ்.' சொல்பவர் பெண்ணானால் 'மிக்' என்பதை 'மிக்க' என்று மாற்றிக்கொள்ளட்டும்.

மூன்றாவது ஒரு பயன் பணிவு. அலுவலக ஜன்னலில் நின்று 'எனக்கு ஒன்று கேட்க வேண்டும்' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாமல் 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று தமிழில் இழுப்போமே, அதே இழுப்பு: 'வோயாம் ச வ உன்த்ரெப் ச்செவா.' குடியேற்ற அலுவலகத்துக்கும் வங்கிக்கும் போகும் முன் இந்த ஒரு வரியைத் தடையில்லாமல் சொல்லும் அளவுக்கு ஒத்திகை பாருங்கள்.

மற்ற இரண்டு, கூடவே ஊர்ப் பேச்சு

ஒரு செயலுக்கு முன்பே இன்னொன்று முடிந்துவிட்டிருந்தது என்பதற்கு ஒரு வடிவம் உண்டு. 'குந்த் ஆம் ஆஜுன்ஸ் லா கார, த்ரெனுல் ப்ளெக்காஸெ', ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பிவிட்டிருந்தது. நடுவில் 'ஸெ' ஒலி கேட்டால் அதுதான். நீங்கள் 'ஆ ப்ளெக்காத்' என்றே சொல்லி, பக்கத்தில் 'தெஜா' (ஏற்கெனவே) சேர்த்தால் யாருக்கும் புரியும்.

நான்காவது, 'பெர்ஃபெக்த் ஸிம்ப்லு', நாட்டின் பெரும்பகுதியில் கதைப் புத்தகங்களில் மட்டும் வாழ்கிறது. ஆனால் தென்மேற்கே ஒல்தெனியா பக்கம், க்ராயோவா சுற்று வட்டாரத்தில், இன்றைக்கு நடந்ததைச் சொல்ல அதையே பேச்சில் சரளமாகப் போடுவார்கள். 'முன்காய்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் இதை வைத்தே ஒல்தெனியாக்காரர்களைக் கிண்டல் செய்வார்கள். அங்கே வேலை கிடைத்தவர்கள் காதை மட்டும் பழக்கினால் போதும், நாக்கைப் பழக்க வேண்டியதில்லை.

ட்ரான்சில்வேனியா, மோல்தோவா பக்கங்களில் இன்னொன்று கேட்பீர்கள். 'ஆ வெனித்' அங்கே 'ஓ வெனித்' ஆகிவிடும், 'ஆவ் வெனித்' சில வாய்களில் 'ஓர் வெனித்'. புரிந்துகொள்ளுங்கள், எழுத்திலும் தேர்விலும் 'ஆ', 'ஆவ்' மட்டுமே செல்லும்.

பழகும் விதம்

ராத்திரி படுக்கும் முன் அன்று செய்தவற்றைக் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள். மாம் த்ரெஃஸித், ஆம் பவுத் காஃபியா, மாம் துஸ் லா லுக்ரு, ஆம் லுக்ராத், ஆம் வெனித் ஆகாஸ. விழித்தேன், காபி குடித்தேன், வேலைக்குப் போனேன், வேலை செய்தேன், வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நாளில் இதுவே சலித்துவிடும். சலித்ததும் அறைத்தோழர் செய்ததைச் சொல்லுங்கள், 'ஆம்' எல்லாம் 'ஆ' ஆகட்டும், 'மாம்' எல்லாம் 'ஸா' ஆகட்டும். அப்புறம் செய்யாமல் விட்டதைச் சொல்லுங்கள். பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், 'நாம்' பழக அதுவே நல்லது.

படிக்கக் கொஞ்சம் வந்துவிட்டால் செய்தித்தளங்களைத் திறங்கள். முழுச் செய்தியும் புரிய வேண்டும் என்பதில்லை. 'ஆ ஸ்புஸ்', 'ஆ தெக்லாராத்' (அறிவித்தார்), 'ஆவ் ஃபோஸ்த்', 'ஸா உன்தும்ப்ளாத்' (நிகழ்ந்தது) என்று பத்திக்குப் பத்தி இரண்டு துண்டு வடிவம் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டு, அகராதி வடிவம் என்னவாக இருக்கும் என்று ஊகித்து, டெக்ஸ்ஆன்லைனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.